டெட்டை ‘சீனப் புத்தாண்டு’ என்றால் வியட்நாம்காரருக்கு ஏன் கோபம் வருகிறது?

1985ஆம் ஆண்டு வியட்நாம் தன் புத்தாண்டான டெட்டை ஜனவரி 21ஆம் தேதி கொண்டாடியது. பக்கத்து நாடான சீனா பிப்ரவரி 20ஆம் தேதி கொண்டாடியது. இரண்டு நாட்டிலும் அதே நிலாதான், கணக்குப் போடும் முறையும் ஒன்றுதான், ஆனாலும் முப்பது நாள் வித்தியாசம். யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டாலே ‘டெட்’ என்கிற பண்டிகையின் கதையில் பாதி புரிந்துவிடும்.

நம்மில் பலருக்கு டெட் என்றதும் நினைவுக்கு வருவது வியட்நாம் போரில் 1968 டெட் சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகள் தெற்கின் நகரங்கள்மேல் நடத்திய ‘டெட் தாக்குதல்’. அதைத் தாண்டிக் கேட்டால், அது சீனப் புத்தாண்டுதானே, வியட்நாமில் வேறு பெயர் என்பார்கள். இதை ஒரு வியட்நாம்காரரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். அவர் பதிலுக்கு எடுத்து நீட்டும் ஆயுதம் பெரும்பாலும் கன்பூசியஸ். ‘டெட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, தெற்கே இருக்கும் காட்டு மக்கள் குடித்துக் கூத்தாடும் பெருவிழா என்று கேள்விப்பட்டேன்’ என்று கன்பூசியஸே ‘சடங்குகளின் நூல்’ என்கிற பழஞ்சீன நூலில் சொல்லியிருக்கிறாராம், ஆகவே டெட் தெற்கிலிருந்துதான் வடக்கே போனதாம். வியட்நாம் இணையத்தில் ஒவ்வொரு ஜனவரியும் இது சுற்றும். சிக்கல் என்னவென்றால் சடங்குகளின் நூலில் அப்படி ஒரு வரியே கிடையாது. நம் வாட்ஸ்அப்பில் ஐன்ஸ்டைன் பேசுகிற மாதிரி இது அவர்கள் ஊர்ச் சரக்கு.

ஆனால் அந்த நூலில் உண்மையாகவே இருக்கிற ஒரு பகுதி இதைவிடச் சுவையானது. அறுவடை எல்லாம் முடிந்து ஆண்டு இறுதியில் நடக்கும் ஒரு பலிச் சடங்கைப் பார்த்துவிட்டு வருகிறார் கன்பூசியஸின் மாணவர் சிகோங். பிடித்திருந்ததா என்று குரு கேட்க, ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது, இதில் என்ன சந்தோஷம் என்றே எனக்குப் புரியவில்லை என்கிறார் சிகோங். நூறு நாள் உழைப்புக்குப் பிறகு ஒரு நாள் களிப்பு, அது உனக்குப் புரியாது என்கிறார் குரு. வில்லை நாள் முழுக்க வளைத்தே வைத்திருக்கக் கூடாது, அவ்வப்போது தளர்த்தவும் வேண்டும் என்று ஓர் உவமையும் சொல்கிறார். அந்தக் காலத்து ஆண்டிறுதிப் பலிகளில் ஒன்றுக்கு ‘லா’ என்று பெயர். வியட்நாமியர் இன்றைக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கு எண் சொல்வதில்லை, ‘சாப்’ மாதம் என்கிறார்கள். அந்த ‘லா’தான் மருவி ‘சாப்’ ஆனது. கன்பூசியஸ் பெயரில் பொய் மேற்கோள் உண்டாக்கியவர் கொஞ்சம் பொறுமையாகத் தேடியிருந்தால் உண்மையான தொடர்பே கிடைத்திருக்கும், என்ன, அது அவருக்குப் பிடித்த திசையில் போகாது.

‘டெட்’ என்ற சொல்லும் அப்படித்தான். வியட்நாமியர் வாயில் அது ‘தெத்’ என்று வரும். மூலம் ‘தியெத்’ என்கிற சீனச் சொல். அதன் முதல் பொருள் மூங்கிலின் கணு. கணுவிலிருந்து காலத்தின் கணுவுக்குப் பொருள் நீண்டது: சூரியன் போகும் பாதையை இருபத்து நான்காகப் பிரித்து ஒவ்வொரு பிரிவையும் ஒரு ‘தியெத்’ என்றார்கள், பிறகு பருவத்தில் வரும் பண்டிகைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் இலக்கண ஆசிரியர்கள் பாஷையில் சொன்னால் ‘தியெத்’ தற்சமம், ‘தெத்’ தற்பவம். பண்டிகையின் முழுப்பெயர் ‘டெட் ங்குயென் தான்’, அதாவது முதல் விடியலின் பண்டிகை. முழுப்பெயரைச் சொல்லுகிற ஆளை நீங்கள் அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். எட்டாம் மாதப் பௌர்ணமியில் வருகிற பிள்ளைகள் விழாவும் ஒரு டெட்தான், ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளும் ஒரு டெட்தான், ஆனால் வெறுமனே டெட் என்றால் இது ஒன்றுதான்.

சரி, சொல் சீனத்திலிருந்து வந்தது, நாட்காட்டியும் அங்கிருந்து வந்தது. எப்போது வந்தது? இங்கே ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்திருக்கிறார். ஹான் பேரரசர் வூ கி.மு. 111இல் ‘நாம் வியட்’ என்ற அரசை வென்று, இன்றைய வட வியட்நாமைத் தன் பேரரசோடு சேர்த்தார். ஏழு வருடம் கழித்து, கி.மு. 104இல், அதே வூ நாட்காட்டியைத் திருத்தினார். அதுவரை பத்தாம் மாதத்தில் ஆண்டு தொடங்கிக்கொண்டிருந்தது, அவர் அதை வசந்தத்தை ஒட்டிய மாதத்துக்கு நகர்த்தினார். இன்றுவரை சீனப் புத்தாண்டும் டெட்டும் அந்த மாதத்தில்தான் வருகின்றன. அப்போது தொடங்கிய வடக்கத்தியர் ஆட்சி, இடையிடையே கிளர்ச்சிகள் வந்து போனாலும், கி.பி. 938இல் ஙோ குயென் பாக் தாங் ஆற்றில் சீனக் கப்பல்களை முறியடிக்கும்வரை ஏறத்தாழ ஆயிரம் வருடம் நீடித்தது. ஆயிரம் வருடம் ஒரே நாட்காட்டியில் வரி கட்டினால் புத்தாண்டும் அதிலேயேதான் விடியும்.

கணக்கு முறை நமக்குப் புதிதும் அல்ல. அமாவாசையில் மாதம் பிறக்கும். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட பத்தொன்பது ஆண்டில் ஏழு முறை ஒரு கூடுதல் மாதம் சேர்ப்பார்கள். தெலுங்கர்கள் உகாதிக்குக் கணக்குப் போடும்போது ‘அதிக மாதம்’ என்று நுழைப்பார்களே, அதே யோசனை. விதி ஒன்றுதான்: குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகிய நாள், அதாவது டிசம்பர் 21 அல்லது 22, எந்த மாதத்துக்குள் விழுகிறதோ அது பதினோராவது மாதம். அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டாவது அமாவாசை டெட். அதனால் டெட்டுக்கு முந்தின இரவில் வானத்தில் நிலா இருக்காது. ‘முப்பதாம் இரவு மாதிரி இருட்டு’ என்று வியட்நாமியத்தில் ஒரு மரபுத்தொடரே உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் எலும்புக்கூடு. இதன்மேல் சதை வைத்தது செவ்வாற்றுச் சமவெளியின் நெல் விவசாயிகள். பத்தாம் மாத அறுவடை முடிந்து குதிரில் நெல் இருக்கும், அடுத்த போகத்து வேலை முழுமூச்சில் பிடிப்பதற்கு முன் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், வெளியே குளிரும் தூறலும். அந்த நேரத்தில் வருகிற பண்டிகையை வியட்நாமியர் ‘கொண்டாடு’வதில்லை, ‘சாப்பிடு’கிறார்கள். டெட் சாப்பிட ஊருக்குப் போகிறேன் என்பதுதான் அங்கே இயல்பான பேச்சு. அப்பன் திதியில் பட்டினி கிடந்தாலும் டெட் மூன்று நாளும் வயிறு நிறையும் என்று பழமொழியும் இருக்கிறது. வருடம் முழுக்க அரை வயிறு சாப்பிட்டவர்கள் உண்டாக்கிய மொழி அது.

சாப்பாடு என்றால் முதலில் ‘பாஞ் சுங்’. பசைநெல் அரிசிக்குள் பச்சைப்பயறும் கொழுப்புள்ள பன்றி இறைச்சியும் வைத்து, இலையில் சதுரமாகக் கட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். இரவெல்லாம் பானையைக் காத்துக்கொண்டு குடும்பமே அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். இதற்கு ஓர் ஆதிக்கதை உண்டு. வியட்நாமின் முதல் அரசவம்சமாகச் சொல்லப்படும் ஹூங் வம்சத்தின் ஆறாவது மன்னன் தன் வாரிசைத் தேர்ந்தெடுக்க, முன்னோருக்குப் படைக்க யார் சிறந்த உணவைக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கே அரியணை என்றான். மற்ற இளவரசர்கள் மலைக்கும் கடலுக்கும் ஆள் அனுப்பி அபூர்வமானவற்றைத் தேட, தாயில்லாத ஏழை இளவரசன் லாங் லியூ கனவில் தெய்வம் வந்து, அரிசியைவிட உயர்ந்தது ஒன்றுமில்லை என்றது. அவன் பூமியைப் போலச் சதுரமாக ஒன்றும் வானத்தைப் போல வட்டமாக ஒன்றும் செய்து வைத்தான். ஜெயித்தான்.

டெட் எங்களுடையது, சீனாவுக்கு முந்தையது என்பதற்கு இந்தக் கதையைத்தான் பள்ளிக்கூடம்வரை ஆதாரமாகச் சொல்கிறார்கள். ஆனால் கதை எழுத்தில் கிடைப்பது 14, 15ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில். அதைவிடப் பெரிய இடைஞ்சல், வட்ட வானம், சதுர பூமி என்கிற கருத்தே சீனத்து அண்டவியல். வியட்நாமின் பெரிய வரலாற்றாசிரியர்களில் ஒருவரான டிரான் குவோக் வூவோங் இதைத் தைரியமாகச் சொன்னார்: பாஞ் சுங் ஆதியில் சதுரமே அல்ல, உருளை வடிவம்தான், தெற்கே இன்றும் செய்கிற ‘பாஞ் டெட்’ மாதிரி, அது விளைச்சலையும் இனவிருத்தியையும் குறிக்கும் வடிவம், சதுரமும் வட்டமும் பின்னால் வந்த தத்துவப் பூச்சு என்றார். அவர் சொன்னது முடிந்த முடிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு இந்த வாதம் பிடிக்கும். சீனம் வருவதற்கு முன்பே அங்கே அரிசி இருந்தது, உரல் இருந்தது. டோங் சோன் காலத்து வெண்கல முரசுகளில், ஙோக் லூ முரசில் பார்க்கலாம், ஆட்கள் நின்றுகொண்டு உலக்கையால் குத்துகிற காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அவர்களுக்கும் ஏதோ ஓர் அறுவடைக் களிப்பு இருந்திருக்கும். அது எந்த நாளில் நடந்தது, என்ன பெயர் என்பதைத்தான் முரசு சொல்லாது.

வந்த சரக்கு அங்கே எப்படி உருமாறியது என்பதற்கு அடுப்புத் தெய்வத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. சீனத்தில் அடுப்புத் தெய்வம் ஒருவர், பக்கத்தில் மனைவி. வியட்நாமில் மூன்று பேர், இரண்டு ஆண், ஒரு பெண். ஏன் மூன்று? அடுப்புக்கு மூன்று கல் வேண்டுமே! மூன்று கல்லுக்கும் ஒரு கதை கட்டினார்கள். குடித்துவிட்டு அடிக்கிற கணவனை விட்டுப் போன தி ஞி இன்னொருவனைக் கட்டிக்கொள்கிறாள். பல வருடம் கழித்து முதல் கணவன் பிச்சைக்காரனாக வாசலுக்கு வருகிறான். இரக்கப்பட்டுச் சோறு போடுகிறாள், இரண்டாம் கணவன் வருகிற சத்தம் கேட்டதும் இவனை வைக்கோல் போரில் ஒளித்துவைக்கிறாள். வந்தவன் வயலுக்குச் சாம்பல் வேண்டும் என்று போருக்குத் தீ வைத்துவிடுகிறான். அவள் தீயில் குதிக்கிறாள், ஒன்றும் புரியாமல் அவனும் அவள் பின்னால் குதிக்கிறான். பரிதாபப்பட்ட விண்ணரசர் மூவரையும் ஒரே அடுப்பில் வைத்துவிட்டார். யார் மேலும் பழி போடாத கதை. சாப் மாதம் 23ஆம் நாள் இந்த மூவரும் கெண்டை மீன் மேல் ஏறி விண்ணுலகம் போய் வீட்டு நடப்பை அறிக்கை கொடுப்பார்கள், அதற்காக அன்றைக்கு ஹனோய் ஏரிகளிலும் செவ்வாற்றிலும் உயிர்க் கெண்டைகளை விடுகிறார்கள். பலர் மீனோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்தே வீசுவதால், ‘மீனை விடுங்கள், பையை விடாதீர்கள்’ என்று பலகை பிடித்துக்கொண்டு இளைஞர்கள் கரையில் நிற்பதும் இப்போது சடங்கில் சேர்ந்துவிட்டது.

அப்புறம் ‘நேவு’ என்கிற கம்பம். உயரமான மூங்கிலை நுனி இலையோடு வீட்டு வாசலில் நடுவார்கள், ஏழாம் நாள் இறக்குவார்கள். இதன் கதையைக் கேட்டால் நமக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். நிலமெல்லாம் பிசாசுகளுக்குச் சொந்தம், மனிதர்கள் குத்தகைக்காரர்கள். பயிரின் மேல்பாதி எங்களுக்கு என்கின்றன பிசாசுகள். புத்தர் சொல்லிக்கொடுக்க, மனிதர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடுகிறார்கள். மேல்பாதியும் வேண்டும், அடிப்பாதியும் வேண்டும் என்றால் நடுவில் காய்க்கிற மக்காச்சோளம் போடுகிறார்கள். கோபத்தில் நிலத்தையே பிடுங்கிக்கொண்ட பிசாசுகளிடம், ஒரு மூங்கில் நுனியில் தொங்கும் அங்கியின் நிழல் விழும் அளவு இடம் மட்டும் விலைக்குக் கேட்கிறார்கள். ஒப்பந்தம் ஆனதும் மூங்கில் வளர்கிறது, அங்கி விரிகிறது, நிழல் நாடு முழுக்கப் பரவுகிறது, பிசாசுகள் கடலுக்கு ஓடுகின்றன. வருடத்தில் டெட் சமயத்தில் மட்டும் முன்னோர் கல்லறையைப் பார்க்க வந்துபோக அனுமதி. மூன்றடி மண் கேட்ட வாமனனும், ஓணத்துக்கு மட்டும் வந்துபோகும் மாவலியும் கண்முன் வருகிறார்கள் அல்லவா? நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை, உழுகிறவனுக்கும் நிலம் வைத்திருப்பவனுக்கும் நடுவில் எந்த ஊரிலும் இப்படி ஒரு கதை முளைக்கும்போல. ஒன்று மட்டும் கவனியுங்கள். சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே இந்தப் பக்கம் வந்தவை. ஆக, இன்று சொல்கிற வடிவத்தில் இந்த ‘ஆதிக் கதை’க்கு வயது சில நூறு வருடம்தான்.

பூனையைச் சொல்லாமல் விட முடியாது. சீனர்களின் பன்னிரண்டு விலங்குகளில் முயல் இருக்கும் இடத்தில் வியட்நாமில் பூனை இருக்கிறது, மாடு இருக்கும் இடத்தில் எருமை. 2023 சீனாவில் முயல் வருடம், வியட்நாமில் பூனை வருடம். எருமைக்கு விளக்கமே தேவையில்லை, சேற்று வயலில் எதை ஏரில் பூட்டுவார்கள்? பூனைக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், அந்த ஆண்டின் பெயர் ‘மாவ்’, வியட்நாமியத்தில் பூனைக்குப் பெயர் ‘மெயோ’. அதோடு நிற்காமல், இந்தப் பன்னிரண்டு பெயர்களில் சிலவே வியட்நாமிய மொழிக் குடும்பத்திலிருந்து சீனத்துக்குப் போனவையாக இருக்கலாம் என்று வாதிட்ட மொழியியலாளர்களும் உண்டு. நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது வருடச் சுழற்சி. விலங்கோடு இன்னொரு பெயரும் சேர்ந்து ஓடும். டெட் தாக்குதல் நடந்த ஆண்டை வியட்நாமியர் ‘மாவு தான்’ என்று அந்தச் சுழற்சிப் பெயராலேயே சொல்வார்கள்.

இனி நாட்காட்டி அரசியல். பழைய காலத்தில் பேரரசரின் நாட்காட்டியை ஏற்பது அவர் அதிகாரத்தை ஏற்பது. வியட்நாம் மன்னர்கள் இதில் தந்திரமாக இருந்தார்கள், சீனத்து முறையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைத் தாங்களே போட்டார்கள். 1645இல் சிங் பேரரசு புதிய கணக்குக்கு மாறியபோது வியட்நாம் பழைய மிங் காலத்துக் கணக்கிலேயே இருந்துவிட்டது, அதனால் 1813வரை சில ஆண்டுகளில் இரண்டு நாட்டுக்கும் தேதி ஒத்துப்போகவில்லை. 1813இல் ஹுவேயில் ஆண்ட ங்குயென் வம்சம் சிங் முறைக்கு மாறியது. புதிய ஆண்டின் நாட்காட்டியை அரண்மனை வாசலில் விழா எடுத்து வெளியிடுவார்கள்.

அப்புறம் 1967 ஆகஸ்ட். நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்திருந்த காலம். வடக்கின் ஹனோய் அரசு, நாங்கள் பெய்ஜிங் நேரத்தை வைத்துக் கணக்குப் போட மாட்டோம், எங்கள் நேரப்படிதான் என்று முடிவெடுத்தது. ஒரு மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான். 1968இல் அமலுக்கு வந்தது, வந்த வேகத்திலேயே மோதியது. அந்த ஆண்டு ஜனவரி 29 அன்று ஹனோய் கடிகாரத்தில் இரவு சுமார் 11.30க்கு அமாவாசை. தெற்கின் தலைநகர் சைகோனின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியதால், அதே நொடியில் அங்கே நள்ளிரவு தாண்டி 30ஆம் தேதி பிறந்துவிட்டது. ஆக வடக்கில் டெட் 29, தெற்கில் 30. டெட் தாக்குதலில் டா நாங், ஞா ட்ராங் போன்ற சில நகரங்கள் 30ஆம் தேதி அதிகாலையிலும் சைகோன் உள்ளிட்ட மற்றவை 31ஆம் தேதியும் தாக்கப்பட்டதற்கு, எந்த நாட்காட்டியின் ‘டெட் முதல் நாள்’ என்பதில் தளபதிகளுக்குள் வந்த குழப்பம்தான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பண்டிகையைப் போருக்குப் பயன்படுத்துவது அங்கே புதிதல்ல. 1789இல் தாங் லாங்கை, அதாவது இன்றைய ஹனோயை, பிடித்துக்கொண்டு டெட் விருந்தில் இருந்த சீனத்துச் சிங் படையை, வியட்நாமின் குவாங் ட்ருங் பேரரசர் தன் வீரர்களுக்கு டெட்டை முன்கூட்டியே கொண்டாட வைத்துவிட்டு வந்து தாக்கினார், ஐந்தாம் நாள் நகரத்துக்குள் நுழைந்தார். அந்த ஐந்தாம் நாள் இன்றும் ஹனோயின் டோங் டாவில் விழா.

இப்போது 1985க்கு வரலாம். 1984இல் குளிர்காலக் குறும்பகல் நேரம் ஹனோய் கடிகாரப்படி டிசம்பர் 21 இரவு பதினொன்றைத் தாண்டி வந்தது. பெய்ஜிங்கில் அது 22ஆம் தேதி. டிசம்பர் 22 அமாவாசை, அதாவது புதிய மாதம் பிறக்கும் நாள். வியட்நாமில் குறும்பகல் பழைய மாதத்தின் கடைசி நாளில் விழுந்தது, சீனாவில் புதிய மாதத்தின் முதல் நாளில். குறும்பகல் விழுகிற மாதம்தான் பதினோராவது என்ற விதிப்படி, இரண்டு நாட்டின் பதினோராவது மாதமும் வேறு வேறு மாதமாகிவிட்டது. ஒரு மணி நேரம் ஒரு மாதத்தைத் தள்ளிவிட்டது.

டெட் வியட்நாமில் எல்லோருடைய புத்தாண்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மெக்காங் கழிமுகத்தில் ட்ரா விஞ், சோக் ட்ராங் பகுதிகளில் வாழும் கெமர் மக்களுக்கு ஏப்ரல் நடுவில்தான் ஆண்டு பிறக்கிறது, நம் சித்திரை ஒன்றை ஒட்டி. இந்தியாவிலிருந்து போன அதே சூரியக் கணக்கு. கல்வெட்டுகளில் சக ஆண்டைப் பொறித்த சம்பா அரசின் வழிவந்த சாம் மக்களின் புத்தாண்டுச் சடங்கும் ஏப்ரலை ஒட்டியே வரும். ஆக ஒரே நாட்டுக்குள் வடக்கிலிருந்து வந்த புத்தாண்டும் மேற்கிலிருந்து வந்த புத்தாண்டும் இருக்கின்றன. பிரெஞ்சுக் காலத்தில் தமிழர்கள் சைகோனில் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்றைக்குக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும்தான். அம்மனுக்கு எந்த நாட்காட்டி என்று யாரும் கேட்பதில்லை.

அரசாங்கங்களும் டெட்டை மாற்றிப் பார்த்திருக்கின்றன. ஹோ சி மின் 1959இல் டெட்டுக்கு மரம் நடச் சொன்னார், அது வழக்கமாகவே ஆகிவிட்டது. 1995இலிருந்து பட்டாசுக்குத் தடை. விபத்துகள் அந்த அளவுக்குப் போய்விட்டன. பச்சை பாஞ் சுங்கையும் சிவப்புக் கவிதைத் தாளையும் பட்டாசுச் சரத்தையும் சேர்த்துப் பாடும் பழைய ஈரடி இப்போது பட்டாசு இல்லாமலே ஓடுகிறது. நெல் விஞ்ஞானி வோ தோங் சுவான், உலகமே வேலை பார்க்கும்போது நாம் இரண்டு வாரம் கடையை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி, டெட்டை ஜனவரி ஒன்றோடு சேர்த்துவிடலாம் என்றார். விவசாய நாட்காட்டியில் பிறந்த பண்டிகையை வேண்டாம் என்று சொன்னவர் நெல்லிலேயே வாழ்ந்த மனிதர் என்பது ஒரு வேடிக்கை. அவருக்குக் கிடைத்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த மோதல் 2030இல். அந்த ஆண்டு அமாவாசை ஹனோய் கடிகாரத்தில் பிப்ரவரி 2 இரவு பதினொரு மணியைத் தாண்டி வருகிறது. பெய்ஜிங்கில் அப்போது 3ஆம் தேதி பிறந்து சில நிமிடங்கள் ஆகியிருக்கும்.